ஓரிகானோ எண்ணெயும் ஓம வாசமும்

சிசிலியில் தக்காளியை நறுக்கி, அதன்மேல் காய்ந்த ஓரிகானோ இலையைக் கசக்கித் தூவிச் சாப்பிடுகிறார்கள். முதல் நாள் எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. நம் ஊரில் பிள்ளைக்கு வயிறு உப்பினால் கொடுக்கும் ஓமத்தண்ணீரைச் சோற்றில் கொட்டியதுபோல் இருந்தது. நான் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வயதான வீட்டம்மா, இங்கே சொல்வதுபோல் சிஞ்ஞோரா, என் முகத்தைப் பார்த்துவிட்டு உப்பை நகர்த்தி வைத்தார்.

அந்த இலையின் எண்ணெயைத் தங்கை ஜெசிந்தாவுக்கு, தேங்காயெண்ணெயில் கலந்து முழங்காலில் தேய்க்க, சிறு புட்டியில் அனுப்பியிருந்தேன். போன வாரம் பாபநாசத்திலிருந்து அழைத்தாள். அவளுடைய கைக்குழந்தைக்குச் சளி. நெஞ்சு கர்கர் என்கிறதாம்.

"கற்பூரவல்லிச் செடி வெயில்ல கருகிடுச்சுக்கா. நீ அனுப்புனதுலயே நாலு சொட்டு குடுத்துடறேன். அதே வாசம்தானே?"

"குடுக்காதடி! மூடி வை. கேட்டுட்டு வர்றேன்."

"எட்டாவது படிச்ச டாக்டரம்மா உத்தரவு!" என்று சிரித்தாள்.

அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள் நான். அன்றும் மருந்துக்கடைக்கு ஓடினேன். தெரிந்த அரைகுறை இத்தாலிய மொழியில் "குழந்தை, எண்ணெய், குடிக்க" என்றேன். குழந்தை குடித்தேவிட்டது என்று எண்ணி, கடைக்கார அம்மாள் ஆம்புலன்சுக்குப் போனை எடுத்துவிட்டார். "நோ, நோ, இந்தியா!" என்று அவர் கையைப் பிடித்தேன். அப்புறம்தான் போனில் தமிழாக்கிக் காட்டி நிதானமாக விளக்கினார்.

ஜெசிந்தாவின் மூக்கு பொய் சொல்லவில்லை. ஓமத்தின் காரம் தைமால். ஓரிகானோவிலும் கற்பூரவல்லியிலும் இருப்பது கார்வக்ரோல். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி; கிருமியை அடக்கும் குணம் இரண்டுக்கும் உண்டு. ஆனால் கூடை கூடையாக இலையின் காரத்தை வடித்துப் புட்டியில் அடைத்தால், அது இலைச்சாறு அல்ல. பெரியவர்கள் தோலையே எரிக்கும்; பச்சைப்பிள்ளையின் தொண்டை என்னாகும்? ஊருக்குப் புட்டி அனுப்புகிறவர்களே, வாங்குகிறவர்களே, நான் படிக்காதவள்தான், ஆனால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தாவை அழைத்து இதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப என்னதான்க்கா பண்றது?"

"டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ. இப்பவே!"

போனாள். அங்கே நெபுலைசர் வைத்தார்கள். கர்கர் குறைந்து பிள்ளை வீட்டுக்கு வந்து தூங்கியது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. போனைப் பிள்ளையின் தலைமாட்டில் வைக்கச் சொன்னேன். ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டபடியே பாத்திரம் கழுவினேன். மற்றக் காதைத் திறந்தே வைத்திருந்தேன். பக்கத்து அறையில் சிஞ்ஞோரா இருமினால் ஓடவேண்டுமே.