என் போனுக்கு வந்த கன்னியம்மா அக்காவின் நோட்டீஸ்

உங்கள் போனுக்கு எத்தனை பேருடைய ஓடிபி வரும்? எனக்குப் பாதி ஊருக்கு வரும். திருவிடந்தையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பான் கார்டு, கேஸ் கனெக்‌ஷன் என்று எதற்கு வந்தாலும் ஆட்களிடம் மெயில் இருக்காது; நம்பரையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். என் மெயிலையும் என் நம்பரையுமே போட்டுவிடுவேன். இதே தொழிலில் இருக்கிற நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள், ஒளிக்காதீர்கள்.

சிலிண்டர்காரர்

பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பேன். மாமல்லபுரத்தில் நாஸ்தா கடை போட்டிருக்கும் கன்னியம்மா அக்கா கூப்பிடுவார். சிலிண்டர்காரர் வாசலில் நிற்கிறாராம். சோற்றுக் கையோடு ஓடிபி தேடிச் சொல்வேன்.

"என் வூட்டு சாவியே உன் கையிலதான் கீது கண்ணு!"

விளம்பரங்களுக்கு நடுவில்

பாப்பாவின் ஸ்கூல் மெயிலைத் தேடினேன். புடவைத் தள்ளுபடிகளுக்கு நடுவில் வருமான வரி என்று ஒன்று. அக்கா பேர். வீடு விற்றதைக் கணக்கில் காட்டவில்லை, விளக்கம் கொடு என்று இருந்தது. வந்து மூன்று வாரமாகியிருந்தது. கெடு நாளை மறுநாள்.

அக்கா இங்கிருந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தில்தான் படூரில் ஃபிளாட் வாங்கினார். மெயிலை மறுபடி முதலிலிருந்து படித்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அழிச்சுட்டுப் போமே. உனக்கு வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

விரல் அந்தக் குப்பைத்தொட்டிப் படம் வரைக்கும் போனது. பொய் சொல்ல மாட்டேன்.

நாஸ்தா கடையில்

மறுநாள் காலை முதல் பஸ். அக்கா இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நோட்டீஸ் வந்திருக்கிறது என்றேன். என்றைக்கு வந்தது என்று சொல்லவில்லை.

"வித்தத இன்னாத்துக்கு மறைக்கப் போறேன்? ஊருக்கே தெரியுமே!" என்றவர், ஆவி பறக்கும் தட்டை வெறுங்கையால் பிடித்தபடியே நின்றார். சுட்டதுகூடத் தெரியவில்லை.

"படூர் வூட்டப் புடுங்கிக்குவாங்களா கண்ணு?"

செங்கல்பட்டு ஆடிட்டர்

அன்றைக்கே அக்காவைக் கூட்டிப் போனேன். விற்ற பத்திரம், வாங்கின பத்திரம் இரண்டையும் ஆடிட்டர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அக்கா என் முந்தானையைப் பிடித்திருந்தார்.

"வீட்டை வித்து வீடு வாங்கினதுக்குச் சலுகை கேட்டுப் பார்க்கலாம். சொல்லாம விட்டதுக்குத்தான் பதில் எழுதணும். இன்னிக்கே அவகாசம் கேட்டு அனுப்பறேன்" என்றவர், நோட்டீஸ் வந்த தேதியைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு வாரமா என்னம்மா பண்ணிக்கினு இருந்தீங்க?"

திரும்பும் பஸ்ஸில்

ஆடிட்டர் கேட்டதும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அழித்துவிடப் பார்த்தது உட்பட. பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டிக்கொண்டிருந்தது. என் போன் ஒருமுறை அதிர்ந்தது. இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. புடவைத் தள்ளுபடி.

ஊர்ச் சாவியையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கதவு தட்டின சத்தத்தைக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

இறங்கும்போது அக்கா தன் போனை நீட்டினார்.

"இனிமே எல்லாத்துலயும் என் நம்பரையே போட்டுக் குடு கண்ணு. பயப்படறதுன்னா நானே மொதல்ல பயந்துக்கறேன்."