இறந்தவர் எடுத்த ஆர்டர்

புதியம்புத்தூரில் எங்களுக்கு ரெடிமேட் தையல் கம்பெனி இருக்கிறது. என் கணவர், ஆர்டர் கேட்டு வரும் போன்களுக்குத் தன் குரலிலேயே பதில் சொல்லும் ஏஐ ஒன்றை வைத்திருந்தார். அவர் மாரடைப்பில் இறந்த பிறகு அதை மறந்தே போனேன்.

ஒருநாள் கோவில்பட்டி ஜவுளிக்கடைக்காரர் வந்தார். "ஸ்கூல் யூனிஃபார்ம் திங்கக்கிழமை ரெடியாயிரும்னு அண்ணாச்சி நேத்து போன்ல சொன்னாவ" என்றார்.

"அவிய சித்திரையிலேயே தவறிட்டாவளே" என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

அவர் முன்னாலேயே கம்பெனி நம்பருக்குப் போன் போட்டேன். "சொல்லுங்கம்மா, எந்த ஊர்ல இருந்து பேசுதீங்க?" என்று என்னிடமே கேட்டது என் கணவரின் குரல்.

அந்த யூனிஃபார்முக்கான துணியே எங்களிடம் இல்லை. மெஷின் சொன்னதற்கு நான் பொறுப்பா என்று வக்கீலிடம் கேட்டேன். "கம்பெனிக்காகத்தானே பேசியிருக்கு? கேஸ் வந்தா கம்பெனிதாம்மா பதில் சொல்லணும்" என்றார்.

துணிக்கு அலைந்து, பக்கத்து யூனிட்டுகளிலும் தைக்கக் கொடுத்து, ஒருவழியாகத் திங்கட்கிழமை அனுப்பிவிட்டோம்.

அன்றே அந்த ஏஐயை நிறுத்தினேன். இப்போது போனை நானே எடுக்கிறேன். அண்ணாச்சி இல்லையா என்று கேட்பவர்களிடம், அவர் இறந்துவிட்டதைச் சொன்ன பிறகுதான் ஆர்டர் பேசுகிறேன்.