இரண்டாவது கரண்டி

இந்த நாட்டில் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். டென்மார்க்குக்கு வந்த முதல் வருடம், எதிர்வீட்டுக்காரர்கள் என்னையும் என் கணவரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு, மீன், வெள்ளையாக ஒரு குழம்பு. ஒரு சுற்று முடிந்ததும் அந்த அம்மா கிழங்குப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் கொடுங்கள் என்று சொல்ல நான் என்ன இங்கிதம் தெரியாதவளா? புதிதாகக் கற்ற மொழியில் 'நை தாக்' என்றேன். வேண்டாம், நன்றி. அவர் சிரித்துக்கொண்டே பாத்திரத்தை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். இன்னொரு தடவை கேட்பார், அதற்கும் மறுத்தால் கையை விலக்கிவிட்டாவது போடுவார் என்று காத்திருந்த எனக்கு, காபி வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. வீட்டுக்கு வந்து ரசத்தைச் சூடுபண்ணி, மிச்சச் சோற்றில் ஊற்றி நின்றபடியே சாப்பிட்டேன். என் கணவர் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் விருத்தாசலம். எங்கள் வீட்டில் யாருக்கும் சோற்றை ஒரே தடவை போட்டுவிட்டு நிறுத்த மாட்டார்கள். முதல் கரண்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இரண்டாவது தடவை நாலு பருக்கையாவது விழ வேண்டும். ஒரே தடவை போடுவது செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான். படையல் இலையில் சோற்றை ஒருமுறை வைத்துவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மறுபடி கேட்க அங்கே ஆள் இல்லை அல்லவா. உயிரோடு இருக்கிறவர்களுக்கு மறுசோறு உண்டு. இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. மூச்சு விடுவதை யார் சொல்லித் தருகிறார்கள்?

மூன்றாவது குளிர்காலத்தில், தெருவில் உறைந்து கிடந்த பனியில் வழுக்கி விழுந்து என் கணுக்கால் உடைந்தது. தகடு வைத்தார்கள். நாலு மாதம் நடக்கக் கூடாது என்றார்கள். உட்கார்ந்த இடத்திலேயே இருந்து, தின்று, பதினோரு கிலோ ஏறினேன். இந்தக் கனத்தோடு ஊன்றினால் கால் தாங்காது என்று டாக்டர் என்னை ஹெல்லே என்ற பெண்ணிடம் அனுப்பினார். சாப்பாட்டு ஆலோசனை சொல்வதுதான் அவர் வேலை. எத்தனை தடவை சோறு சாப்பிடுவாய் என்று கேட்டார். மதியம் இரண்டு தடவை, இரவு இரண்டு தடவை என்று நான் கரண்டிக் கணக்கைச் சொன்னேன். ஒரு நாளைக்கு நாலு வேளை சோறா என்று அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஒரு வெற்றுத் தட்டை எடுத்து மேசையில் வைத்து விரலால் கோடு போட்டுக் காட்டினார். பாதித் தட்டு காய்கறி. மீதியில் பாதி சோறு, பாதி பருப்போ மீனோ முட்டையோ. டீயில் சர்க்கரை கிடையாது. தட்டு சின்னதாக இருக்கட்டும். "நடக்க முடியவில்லையே என்று கவலைப்படாதே. எடை முக்கால்வாசி தட்டில்தான் குறையும், தெருவில் இல்லை" என்றார். வயிறு காயத்தான் செய்தது. முதல் மாதம் எதற்கெடுத்தாலும் கணவர் மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் குறைந்தது. ஒரு வருடத்தில் பதினோரு கிலோவும் போய்விட்டது. இரண்டாவது கரண்டி போட்டுக்கொள்ளச் சொல்லி என்னை வற்புறுத்த அங்கே யாரும் இல்லை என்பதுதான் அதில் பாதிக் காரணம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நானே சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்தத் திமிரோடுதான் அப்பா விஷயத்தில் இறங்கினேன். அப்பா பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குகிறவராக இருந்தார். கப்பும் தட்டும் ஃபியூஸ் கட்டையும் வைத்த பெட்டிகளைக் குந்தி எடுத்து, எழுந்து அடுக்கி, மறுபடி குந்தி, இப்படியே முப்பது வருடம். இரண்டு முட்டியும் போய்விட்டன. வேலையை விட்டதும் உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் உடம்பு போட்டது, போட்ட உடம்பை முட்டி தாங்கவில்லை. கடலூர் டாக்டர் பார்த்துவிட்டு, முட்டி மாற்றலாம், ஆனால் தொண்ணூற்று நாலு கிலோவோடு கத்தி வைக்க மாட்டேன், பத்துக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். நடந்தால் குறையும், குறைந்தால் ஆபரேஷன், ஆபரேஷன் ஆனால்தான் நடக்கவே முடியும். அப்பா இதைப் போனில் சொல்லிவிட்டுச் சிரித்தார். "சுத்திச் சுத்தி சுப்பன் வூட்டுக்கே வருது பாப்பா."

அப்பாவுக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. பழமலைநாதர் கோயிலில் ஆழத்துப் பிள்ளையார் தரைக்குக் கீழே, படி இறங்கிப் போய்ப் பார்க்கிற இடத்தில் இருக்கிறார். சூளைக்குத் தீ போடுகிற நாளில் எல்லாம் அப்பா அங்கே இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். இப்போது அம்மா ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனால், மேல்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். "புள்ளையாருக்கு எந்தலை மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும்" என்று ஒருநாள் சொன்னார். அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மாதம் லீவு போட்டு, ஏறி நின்றால் எண் ஒளிரும் கண்ணாடி எடை மெஷின் ஒன்றைப் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். போவதற்கு ஆறு வருடம் ஆகியிருந்தது.

வாசலில் இறங்கியதும் அம்மா என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "என்னாடி இப்பிடி வத்திப் போயி வந்துருக்கிற, அந்த ஊர்ல சோறு கெடைக்கிலியா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நான் வெற்றியோடு வந்திருப்பதாக நினைத்தேன். தெருவே என்னைத் துக்கம் விசாரித்தது. அம்மாவை ஒருவழியாகச் சமாதானப்படுத்திவிட்டு மறுநாளே சமையலறைக்குள் புகுந்தேன். குழம்பில் அரைத்து ஊற்ற வைத்திருந்த முந்திரியை எடுத்து மேல்தட்டில் ஒளித்தேன். எங்கள் பக்கத்தில் முந்திரி இல்லாத வீடு ஏது, ஒரு டப்பாவை ஒளித்தால் இன்னொரு டப்பா. சாயங்கால பஜ்ஜிக்குப் பதிலாகச் சுண்டல் வைத்தேன். பழைய கம்பெனி வாசலில் கழித்துப் போட்டிருந்த குவியலில், விளிம்பு கோணிய ஒரு சின்ன வெள்ளைத் தட்டைப் பொறுக்கி வந்தேன். ஊரெல்லாம் பீங்கான் செய்கிறது, சாப்பிடுவது மட்டும் எவர்சில்வரில். அப்பா அந்தத் தட்டைச் சுண்டிப் பார்த்தார். "நான் அடுக்குன தட்டுலயே என்னயப் பட்டினி போடப்போறியா? செரி, போடு" என்றார். அவருக்குக் கோபமில்லை. என்னை நம்பினார்.

மூன்றாம் நாள் மதியம் பெண்ணாடத்திலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, வந்திருந்தார். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கு மட்டும் நாற்காலி, ஸ்டூல். நான்தான் பரிமாறினேன். கோணத் தட்டில் பாதிக்குக் கீரையும் புடலங்காய்க் கூட்டும் வைத்தேன், ஒரு கரண்டி சோறு, பக்கத்தில் பருப்பு. ஹெல்லே பார்த்தால் மெச்சியிருப்பார். அத்தைக்கும் அம்மாவுக்கும் போட்டுவிட்டு, அப்பா இன்னும் கேட்டுவிடப் போகிறாரே என்று சோற்றுப் பானையை நேராக உள்ளே கொண்டுபோய் மூடி வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் யாரும் சாப்பிடவில்லை. அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மடியில் இருந்தது.

அத்தைதான் பேசினார். "ஒத்தச் சோத்தப் போட்டுட்டுப் பானைய எடுத்துக்கிட்டுப் போறியேம்மா. எந்தம்பி உசுரோட ஒக்காந்துருக்கிறான்."

அம்மா எழுந்து ஓடி, பானையோடு வந்து ஒரு கரண்டி, உடனே இன்னொரு கரண்டி போட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குத் தெரியாததா? மறந்துபோனேன். ஆறு வருடத்தில் அது என் கையை விட்டே போயிருந்தது. அப்பா மெதுவாகப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, "அது வேணும்னா செஞ்சிச்சி, வுடுக்கா" என்றார். நான் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

அன்று சாயங்காலம் அம்மா என்னிடம் வந்தார். "ரெண்டு தடவ போடணும், அவ்ளோதானே. ஒரு கரண்டியயே ரெண்டாப் போட்டாப் போச்சு" என்றார். இரவே அப்படிச் செய்தோம். அரைக் கரண்டி போட்டார். அப்பா சாப்பிட்டார். அம்மா போய்த் திரும்பி வந்து, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று மீதி அரையைப் போட்டார். அப்பா வழக்கம்போல் கையைக் குறுக்கே நீட்டி, "போதும் போதும்" என்றார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். இந்த யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். நான் கிளம்புவதற்குள் இரண்டரைக் கிலோ குறைந்தது. மெஷினில் ஏறி இறங்குகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா, "புள்ளையாரு கால் தெரியுது" என்பார்.

பிறகு நான் கிளம்பினேன். வெளியே இருக்கிறவர்கள் எல்லோருடைய கதையிலும் இந்த ஒரு வரி வந்தே தீரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் காலிங் கார்டைச் சுரண்டி எண்ணைப் போட்டால் அம்மா எடுப்பார். நான் முதலில் கேட்பது எடை. தொண்ணூற்று ஒன்று என்றார். அடுத்த வாரம் அரைக் கிலோ குறைவு. அதற்கடுத்த வாரமும் அரைக் கிலோ. மழை வந்தது, தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, வாரம் தவறாமல் அரைக் கிலோ. என் சொந்த எடைகூட இவ்வளவு ஒழுங்காக இறங்கியதில்லை. சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. வந்த சந்தேகத்தை நானே ஓரமாக ஒதுக்கி வைத்தேன். அடுப்படியில் காலண்டரில் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு ஞாயிறு அம்மா, "எம்பத்தி நாலு" என்றார்.

நான் துள்ளிவிட்டேன். அப்படியானால் நாளைக்கே கடலூருக்குப் போங்கள், டாக்டரைப் பாருங்கள், ஆபரேஷனுக்கு நான் வருகிறேன் என்று பேசிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் போன் கை மாறியது. அப்பா பேசினார்.

"பாப்பா, அந்த மெஷின்ல நம்பரு வர்றதில்ல. நீ போயி ரெண்டு மாசத்துலயே வெளக்கு அணைஞ்சிப் போச்சி. காசு மாரி ஒரு செல்லு போடணுமாம், இங்க கெடைக்கில."

"அப்போ எடை எவ்ளோப்பா?"

"ரைஸ்மில்லு தராசுல ஏறிப் பாத்தேன். தொண்ணுத்தி ஆறு." பிறகு, "கொறைஞ்சிதுன்னு சொன்னா ஒங்கொரலு நல்லா இருக்குது. அதான் அம்மா சொல்லிட்டா" என்றார்.

நான் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் சொன்னார். "அரக் கரண்டிதான் போடுவேன். அவரு தட்டப் பாப்பாரு, என்னயப் பாப்பாரு. கேக்க மாட்டாரு. நாளெல்லாம் நாக்காலியிலயே கெடக்கிற மனுசனுக்கு இருக்கிறது ஒரு வாயி ருசி. நீ அளந்து குடுத்துட்டுப் போயிட்ட. எதுருல நிக்கிறவ நானு. எங்கையி தாங்கலடி."

வருடத்துக்கு ஒருமுறை எடை பார்க்க வரச்சொல்லியிருந்த ஹெல்லேயிடம் போனபோது இதைச் சொல்ல முயன்றேன். அம்மாவுக்கும் ஒரு தட்டு வரைந்து அனுப்பலாமே என்றார். நல்ல பெண். என் எடை சரியாக நிற்கிறது, இனி நான் வரத் தேவையில்லை என்று கைகுலுக்கி அனுப்பினார். என் கால் நன்றாக இருக்கிறது. பனியில்கூட நடக்கிறேன். அப்பாவின் முட்டியை நினைக்காமல் ஒருநாளும் நடந்ததில்லை. நான் அங்கேயே இருந்தால் அரை அரையாகப் போட்டு ஒரு வருடத்தில் அவரைப் படி இறக்கிவிடுவேன் என்று நினைக்கிறேன். அங்கேயே இருந்திருந்தால் நானும் அம்மாவைப் போல முழுக் கரண்டிதான் போட்டிருப்பேன் என்றும் நினைக்கிறேன். இரண்டில் எது உண்மை என்று தெரியவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பேசுகிறேன். எடையைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். போன வாரம் என் கணவருக்கு ஷிஃப்ட், நான் தனியாக மேசையில் உட்கார்ந்திருந்தேன். தட்டில் பாதிக்கு முட்டைகோஸ், ஒரு கரண்டி சோறு, ஒரு துண்டு மீன். ஊருக்குப் போன் போட்டேன், அப்பாதான் எடுத்தார்.

"சாப்புட்டியா பாப்பா?"

"சாப்புட்டுக்கிட்டு இருக்கிறன்பா."

"ரெண்டாவது போட்டுக்கிட்டியா?"

"போட்டுக்கிட்டேன்பா" என்றேன்.

"செரி, செரி" என்றார். குரல் நன்றாக இருந்தது.

போனை வைத்துவிட்டு எழுந்தேன். தட்டிலிருந்த சோற்றில் பாதியைக் கரண்டியால் அள்ளிக் குக்கரில் போட்டு மூடினேன். உட்கார்ந்து மீதிப் பாதியைச் சாப்பிட்டேன். பிறகு மறுபடி எழுந்து போய், குக்கரைத் திறந்து, அதே சோற்றை எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.