ஈரம் பட்ட அச்சு

அந்த அலுமினிய அச்சை நினைத்தால் இன்றும் என் கை முதலில் முகத்தை மறைத்துக்கொள்ளப் போகிறது. கீல் வைத்துச் சேர்த்த இரண்டு கட்டைகள், மரக் கைப்பிடிகள், மூடினால் உள்ளே எட்டுக் குழிகள். உருக்கிய ஈயத்தை ஊற்றி, இறுகியதும் திறந்தால் வீச்சு வலைக்கான குண்டுகள் உதிரும். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுப் பின்கட்டில், என் ஓரகத்தியும் நானும்தான் வார்ப்போம். அவரை நான் அக்கா என்பேன்.

அக்கா அந்த அச்சைக் கைக்குழந்தை போல வைத்திருப்பார். அலுமினியம் மிருதுவான உலோகம். இரும்பு பட்டால் பள்ளம் விழுந்துவிடும். ஒட்டிக்கொண்ட குண்டை மரக்குச்சியால் கீலருகே தட்டித்தான் எடுப்பார். குழிகளுக்கு மெழுகுவத்திப் புகை காட்டி, அச்சை அடுப்பருகே சூடாக்கிய பிறகே ஊற்றுவார். தண்ணீர் வாளி மட்டும் எப்போதும் எட்டத் தள்ளியே இருக்கும்.

அவர் கணவர், என் மூத்தார், பொறுமை இல்லாதவர். குண்டு விழவில்லை என்றால் சுத்தியலை எடுப்பார். அப்படி அடித்து அடித்து அச்சின் விளிம்பு நசுங்கியது. சரியாக மூடாத இடுக்கில் ஈயம் கசிந்து, குண்டுகள் பிசிறோடு வந்தன. ஒரு நாள் காலையில் நாங்கள் வார்த்துக்கொண்டிருந்தபோது வலைக்காரர் ஒருவர் மொத்தத்தையும் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார். பிசிறு நூலை அறுக்கிறதாம்.

அவர் போனதும் மூத்தார் அக்காவின் முடியைப் பிடித்தார். “என்னடி வாக்குற நீ?”

“நீங்க சுத்தியால அடிச்ச அச்சுங்க இது.”

அவ்வளவுதான் சொன்னார். மூத்தார் சூடான அச்சாலேயே அக்காவின் நெற்றியில் அடித்தார். எலும்பில் உலோகம் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. புருவம் பிளந்து இரத்தம் அச்சின் மேல் சொட்டியது. இரத்தத்தைக் கழுவ அவர் அச்சை வாளியில் முக்கினார். சுர்ரென்று ஆவி எழுந்தது. அப்படியே மூடி, கரண்டியில் ஈயத்தை மொண்டார்.

கண்ணில் இரத்தம் வழிய அக்கா கத்தினார்: “உள்ள தண்ணி நிக்குது, ஊத்தாதீங்க!”

ஊற்றினார். வெடித்தது. ஈயம் அவர் முகத்துக்கே திரும்பிப் பாய்ந்தது. கீழே விழுந்து துடித்தவர்மேல் வாளித் தண்ணீரைக் கொட்டியது, அடுப்பை அணைத்தது, ஆட்டோவுக்கு ஓடியது, எல்லாம் அக்காதான். நான் சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன்.

தில்லை நகர் மருத்துவமனையில், மூத்தாருக்கு இடது கண் போய்விட்டது என்றார்கள். “அவதான் அச்சை நனைச்சு வச்சா” என்று கட்டுக்குள்ளிருந்து முனகினார் மூத்தார். மாமியார் அக்காவைச் சுவரில் மோதினார். நெற்றியில் போட்டிருந்த தையல் பிரிந்து மறுபடி இரத்தம் வந்தது. பேசாதே என்று என் கணவர் என் மணிக்கட்டை நெரித்தார். மாமியார் இரண்டாம் முறை மோதிய பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

“அத்தை, நான் பார்த்தேன். அவர்தான் அச்சை வாளியில முக்குனாரு. அக்கா வேணாம்னு கத்துனாங்க.”

மாமியார் என் கன்னத்தில் அறைந்தார். அடுத்த அடிக்கு ஓங்கிய கையை அக்கா பிடித்துக்கொண்டார். “அவமேல கை வைக்காதீங்க” என்றார். தனக்காக ஒரு நாளும் உயராத குரல் அது. மறுநாளே தன் அண்ணன் வீட்டுக்குப் போன அக்கா திரும்பி வரவேயில்லை.

போன மாதம் சத்திரம் பேருந்து நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். புருவத்தின் குறுக்கே வெள்ளைத் தழும்பு. மாமியார் முதல்முறை மோதியபோது நான் சும்மா நின்றதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கன்னத்தைத் தொட்டு, “அன்னிக்கு உனக்கு ரொம்ப வலிச்சுதாடி?” என்று கேட்டார்.