மங்களாவுக்கு வந்த மனுஷ ரிப்போர்ட்

காலை ஏழே முக்காலுக்கு புனே சிவாஜிநகரில் லோக்கல் ரயில் ஏறினேன். தேஹு ரோடு ஸ்டேஷன் வாசலில் சித்தி மகள் மலர் ஸ்கூட்டரோடு நின்றாள். விலங்கு மருத்துவர். அங்கேயே ராணுவ டெப்போ குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழில் பாதி இந்தி.

"அக்கா, ஜல்தி ஏறு. இன்னைக்கு மங்களாவைக் கூட்டத்துல விடறோம்."

மங்களா ஒரு சிங்கவால் குரங்கு. எட்டு கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்து இனப்பெருக்க மையத்தில் இருக்கிறது. வால்பாறைச் சாலையில் நான் பார்த்துப் பழகிய இனம். கோயம்புத்தூர்க்காரியான எனக்கு ஊர்க்காரி மாதிரி. கருத்தரிக்கவில்லை என்று அதைத் தனிக் கூண்டில் அடைத்திருந்தார்கள்.

"அதுக்குப் போய் தனிக் கூண்டா?" என்றேன்.

"முன்னாடி இருந்த டாக்டர் பிறப்புறுப்புல ஸ்வாப் எடுத்து, மனுஷங்களுக்குப் பார்க்கிற லேபுக்கு அனுப்பிட்டார். நல்ல பாக்டீரியா கம்மி, தொத்து இருக்குன்னு ரிப்போர்ட். அவ்ளோதான், ஆன்டிபயாட்டிக் மேல ஆன்டிபயாட்டிக். அரே, நமக்குத்தான் அந்த நல்ல பாக்டீரியா ஒரு வகை மட்டும் நிறைய இருக்கணும். இதுங்களுக்குப் பல வகை கலந்திருக்கறது சகஜம். குட்டி போட்டதுங்களுக்கும் எடுத்துப் பார்த்தேன், அதே மாதிரிதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம், எனக்கும் குழந்தையில்லை. எத்தனை ரிப்போர்ட், எத்தனை மாத்திரை! பாவம், அதற்கு வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லை.

பிரிந்திருந்த குரங்கைக் கூட்டம் கடித்துக் குதறலாம். அப்படி நடந்தால் மங்களாவுக்குக் கடைசிவரை தனிக் கூண்டுதான் என்றாள் மலர். மையத்தில் கூண்டுக் கதவு மேலே ஏறியது. மங்களா நாலடி வந்து உட்கார்ந்தது. பெரிய பெண் குரங்கொன்று பல்லைக் காட்டிப் பாய்ந்து வந்தது. மலர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வந்த குரங்கு நின்றது, முகர்ந்தது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மங்களாவின் பிடரி முடியை விலக்கிப் பேன் பார்க்க ஆரம்பித்தது.

"இனிமே குட்டி போடுமா?"

"தெரியல அக்கா. அந்த மருந்து கெடுத்ததெல்லாம் சரியாகணும். போடலைன்னாலும் கூட்டத்தோடதான் இருக்கும், மையத்துல பேசி ஒத்துக்க வெச்சுட்டேன்."

நாங்கள் கிளம்பும்போது ஒரு தாய்க் குரங்கும் வந்து சேர்ந்துகொண்டது. அதன் குட்டி மங்களாவின் முதுகில் ஏறி விளையாடியது. தாய் தடுக்கவில்லை.

திரும்பும் ரயிலில் அழுகையை அடக்க முடியவில்லை. போன மாதம் ஊரில் நாத்தனாருக்கு வளைகாப்பு. வளையல் போட நானும் எழுந்தேன். மாமியார் என் கையைப் பிடித்து, "நீ இரு கண்ணு, மத்தவிய போடட்டும்" என்று உட்கார வைத்துவிட்டார்.