எல்லப்பன் படகின் வெள்ளைக் கோடு

பழவேற்காட்டு எல்லப்பன் இறந்துபோன செய்தி எனக்குத் திருவள்ளூரில் அலுவலக வாசலில் கிடைத்தது. ஏதோ வேலையாக வந்திருந்த மீனவர் ஒருவர், "நம்ம எல்லப்பன் பூட்டாரு சார். கும்மிடிப்பூண்டில கம்பெனி கேட்டாண்ட, ஸ்டூல்ல குந்திக்கினே" என்றார். ஏரியில் பிறந்து வளர்ந்த மனிதர் தொழிற்பேட்டையில் காவல்காரராக உட்கார்ந்து செத்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது இறங்கவில்லை.

மறுவாரம் படகுத்துறையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். முதல் மாலையைப் போட்டவர் அந்தத் துறையின் முன்னாள் குத்தகைதாரர். எல்லப்பன் நம் ஊரின் சொத்து என்று உருக்கமாகப் பேசினார். அந்தச் சொத்தைத் துறைப் பக்கமே வரவிடாமல் செய்த புண்ணியவான் அவர். பேசி முடித்து என் தோளில் கை போட்டு, நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார். எழுதுகிறேன். நல்லதா இல்லையா என்பதை எல்லப்பனை அறிந்த நீங்கள் சொல்லுங்கள்.

அறுபதுகளில் நான் அந்தத் துறையில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் பஞ்சாயத்து எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சென்னைக் கூட்டம் ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்துவிடும். யார் படகு முதலில் போவது என்று தினமும் கைகலப்பு. அதைத் தீர்த்து வைத்தவர் எல்லப்பன். ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்று மீனவர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு யாருடையதோ, அன்றைய நல்லதும் கெட்டதும் அவர் தலையில். அதையே அவர் சவாரிப் படகுகளுக்கும் கொண்டுவந்தார். புதுப் பெயின்ட் அடித்த படகில்தான் ஏறுவேன் என்று அடம்பிடித்த ஓர் அதிகாரியை, பாடு வந்திருந்த கிழட்டுப் படகில் குடும்பத்தோடு ஏற்றி அனுப்பினார். அதிகாரி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் போனார்.

தன் படகின் வெளிப்பக்கத்தில் அவர் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார். ஆட்களை ஏற்றும்போது அவர் தலைகளை எண்ண மாட்டார், குனிந்து கோட்டைத்தான் பார்ப்பார். "கோடு நனைஞ்சா அப்பால மந்திரியே வந்தாலும் கரையிலதான் நிக்கணும்" என்பார். ஒரு முறை என்னையே இறக்கிவிட்டார். உடம்பைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லி எல்லோர் முன்பும் கிண்டல் வேறு.

பூநாரைகளுக்கு அருகில் போகச் சொல்லி நச்சரிப்பவர்களுக்கும் அவரிடம் பதில் இருந்தது. "நீ சோறு துன்னும்போது நான் கேமராவ தூக்கிக்கினு உன் ஊட்டுக்குள்ள வந்தா நல்லா இருக்குமா?" கேட்டவர் சிரித்துவிடுவார். படகு தள்ளியே நிற்கும், பறவைகளும் பறக்காது.

பிறகு துறையைக் குத்தகைக்கு விட்டார்கள். வந்தவருக்குக் கோடும் தெரியாது, பாடும் தெரியாது. அந்த வருஷம் காணும் பொங்கலன்று கரையில் நிற்க இடமில்லை. எல்லப்பனின் பாடு. கோடு நனைந்ததும் போதும் என்று கையைக் காட்டினார். குத்தகைதாரர் கேட்கவில்லை. இன்னும் ஐந்தாறு பேரைப் பிடித்துப் படகுக்குள் தள்ளினார். எல்லப்பன் படகு தள்ளும் கழியை மணலில் குத்திவிட்டுக் கரையில் இறங்கி நின்றார். "கோடு உள்ள பூட்ச்சு. நான் எடுக்க மாட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். குத்தகைதாரர் தன் மச்சானை விட்டுக் கழியைப் பிடுங்கச் செய்து படகை அனுப்பினார். நான் சீட்டுக் கட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

முகத்துவாரத்துக்கு அருகே படகு கவிழ்ந்தது. இன்னொரு படகை எடுத்துக்கொண்டு முதலில் போனவர் எல்லப்பன். எல்லோரையும் இழுத்துப் போட்டார், ஒரு பெண்ணைத் தவிர. அவள் பிணத்தையும் அவர்தான் தேடிக் கொண்டுவந்தார்.

இரண்டு நாள் கழித்து விசாரணை. விசாரிக்க வந்த அதிகாரி துறைக் கொட்டகையில் உட்கார்ந்து, அன்று யாருடைய முறை என்று கேட்டார். படகுக்காரர்கள் எல்லோரும் எல்லப்பனைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, "பாடு என்னுதுதான் சார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதை எழுதச் சொன்னது என்னைத்தான். எழுதினேன். வேறு ஏதாவது உண்டா என்று அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார். என் வேலையை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்திருந்த குத்தகைதாரர் எதிரே நின்றுகொண்டிருந்தார். இல்லை சார் என்றேன். எல்லப்பன் இனி ஆளேற்றக் கூடாது, துறையில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. எனக்கு வேலை நிரந்தரமானது.

குத்தகைதாரரைத் திட்டுவது எனக்குச் சுலபம். இத்தனை வருஷமும் அதைத்தான் செய்து வந்தேன். எல்லப்பன் மீதும் எனக்குக் கோபம் உண்டு. இறங்கி நின்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சில வருஷங்களுக்குப் பிறகு, கும்மிடிப்பூண்டியில் அந்தத் தொழிற்சாலை வாசலில் காக்கிச் சட்டையோடு அவரைப் பார்த்தபோது கேட்டே விட்டேன். அவர் எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"பாடு யாருதுன்னு கேட்டான். என்னுது. அத்த இல்லன்னு எப்படி சொல்றது? மீதிய நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சிக்கினு குந்தினேன், ரைட்டர் சார்."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அந்த டீ தொண்டையில் இறங்கியிருக்கும்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த மீதிதான். அதிகாரி மாறிவிட்டார், உத்தரவு போட்டவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், கேட்டுக்கொள்ள எல்லப்பனும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். மலரில் போடுவதென்றால் ஒரு எழுத்துக் குறையாமல் போடட்டும். அன்று பாடு எல்லப்பனுடையது. கோடு நனைந்துவிட்டது என்று கழியைக் குத்திவிட்டு அவர் கரையில் இறங்கி நின்றார். படகை எடுத்துப் போனது குத்தகைதாரரின் மச்சான். நேரில் பார்த்தவன் நான்.