சீல் அப்படியே இருந்தது

ஜாகீர் கியரைத் தவறாகப் போடவில்லை. அந்த இன்ஜினைக் கெடுத்தவன் நான். கெடுத்ததோடு நிற்கவில்லை, அவன் முகத்துக்கு நேராகப் பொய்யும் சொன்னேன்.

இதை உங்களிடம் சொல்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அதனால் என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். முகம் தெரியாதவரிடம் உண்மை பேசுவதில் என்ன வீரம் இருக்கிறது?

நான் திருப்பூரில் நிட்டிங் மெஷின் மெக்கானிக். இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் வாரம் ஆறு நாள் பனியன் துணி பின்னும் மெஷின்களோடு கிடப்பேன். ஏழாம் நாள் ரேஸ் காரோடு. ஜாகீர் அத்தா என்று கூப்பிடும் அவன் அப்பா வீரபாண்டியில் பனியன் வேஸ்ட் வியாபாரி. கம்பெனிகளில் வெட்டிப் போடும் துண்டுத் துணியை வாங்கி மூட்டை கட்டி விற்பவர். அவருடைய குடோனின் ஒரு மூலையில்தான் எங்கள் கார் நின்றது. ஒற்றை ஆள் உட்காரும் கார். ஓட்டுபவன் ஜாகீர், இருபத்திரண்டு வயது. பராமரிப்பவன் நான்.

அது நாட்டிலேயே பெரிய ரேஸ் தொடர். டிவியில் பார்க்கும் வெளிநாட்டு ரேஸ் போல ஒவ்வொரு கம்பெனியும் தன் இன்ஜினோடு வந்து மோதுவது இங்கே கிடையாது. ஒரே ஒரு கார் கம்பெனிதான். எல்லோருக்கும் ஒரே இன்ஜினை அதுவே கொடுக்கும். இன்ஜினின் போல்ட்டுகளுக்குள் கம்பியைக் கோத்து, ஈய சீல் அடித்திருக்கும். திறந்தால் அந்த வருடம் முழுக்கத் தடை. முதலில் வருபவனைக் கம்பெனி தன் சொந்த டிரைவராக எடுத்துக்கொண்டு மலேசியாவுக்கு அனுப்பும்.

கடைசிப் போட்டிக்கு முன் ஜாகீரும் சென்னைக்காரன் ஒருவனும் சமமாக நின்றார்கள். ஒரே ஒரு ரேஸ். அதில் முந்துபவனுக்கு மலேசியா!

"அண்ணா, சீல் மேல மட்டும் கை வெச்சுராதீங்க" என்றான் ஜாகீர். என்னை அவனுக்கு நன்றாகத் தெரியும். "இன்ஜின் எல்லாத்துக்கும் ஒண்ணுன்னா, மிச்சம் இருக்கறது நம்ம கைதானுங்க. அது போதுங்ணா."

"அப்ப எனக்கென்ன வேலை? தொடைக்கறதா?"

"தொடைங்கண்ணா! பளபளன்னு தொடைங்க. போட்டோக்காரனெல்லாம் வருவானுங்கல்ல."

சிரித்தான். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்றால் மெக்கானிக் எதற்கு? எந்த மடையன் போட்ட விதி அது? மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த ஊசி ஒடிந்திருக்கிறது என்று சொல்பவன் நான். என் கையில் துடைக்கும் துணியைக் கொடுத்துவிட்டு, ஜெயிப்பது மட்டும் அவன் கையா?

இப்போது யோசிக்கிறேன்... அவன் ஜெயிக்க வேண்டும் என்றா செய்தேன்? இல்லை. அந்த வெற்றி என்னுடையதாக இருக்க வேண்டும் என்று செய்தேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அது ஒரு மத்தியானம். குடோனில் மூட்டைகளுக்கு மேலே பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. தகரக் கூரையின் ஓட்டை வழியே வெயில் கம்பிகளாக இறங்க, அதற்குள் வெள்ளையும் நீலமும் ரோஸுமாகத் தூசி மெல்ல மெல்லச் சுழன்றது. ஜாகீர் ஒரு மூட்டையின் மேல் தூங்கிக்கொண்டிருந்தான். தண்ணீருக்கடியில் நடப்பவனைப் போல நான் நடந்தேன். எதற்கும் சத்தமே இல்லை...

ஏற்றுமதிப் பெட்டியில் உருப்படி குறைந்தால் ஈய சீலை உடைக்காமலே திறந்து, குறைந்ததை வைத்து மூடும் வித்தையை எங்கள் பேக்கிங் பிரிவில் ஒருவன் எனக்குக் காட்டியிருந்தான். ஒரு பழைய நிட்டிங் ஊசி போதும். ஈயத்தின் துளையை மெல்ல அகட்டிக் கம்பியை உருவினேன். இன்ஜினின் தலைப்பாகத்தைக் கழற்றினேன். வேகம் கூடுவதற்காகக் காற்று போகும் வழியை அரம் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கினேன். உலோகத் தூளைத் துடைக்கக் கையை நீட்டினேன். கைக்குக் கிடைத்தது ரோஸ் நிறப் பனியன் வேஸ்ட்.

திருப்பூரில் எந்த மெஷினையும் நாங்கள் அந்த வேஸ்டைக் கொண்டுதான் துடைப்போம். பஞ்சு உதிராத துணியால் மட்டுமே இன்ஜினின் உள்பக்கத்தைத் துடைக்க வேண்டும் என்று கார் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுச் சிரித்தவன் நான். துணி ஊருக்கே துணிப் பாடமா!

எல்லாவற்றையும் பூட்டினேன். கம்பியை நுழைத்து ஈயத்தைத் தட்டினேன். சீல் அப்படியே இருந்தது. ஜாகீர் எழுந்து சோம்பல் முறித்து, "டீ குடிக்கப் போலாங்களாண்ணா?" என்றான். போனோம்.

கோவை டிராக்கில் அன்று காலை பனி இறங்கியிருந்தது. கார்கள் பனிக்குள் போய், சத்தமாக மட்டும் சுற்றி, மறுபடி காராகி வெளியே வந்தன. ஜாகீர் முதலில் வந்தான். ஏழு சுற்று வரை அவன்தான் முதல். என் கார்... என் இன்ஜின்... என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். அந்த ஏழு சுற்றுகள் அளவுக்கு நான் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்ததில்லை. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எட்டாவது சுற்றில், வளைவுக்கு முன் அவன் நாலாவது கியரிலிருந்து மூன்றுக்கு இறக்கும் இடத்தில், நூல் அறுந்ததும் மெஷின் நிற்குமே, அப்படிச் சட்டென்று சத்தம் நின்றது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் இரண்டு முறை சுழன்று புல்லில் போய் உட்கார்ந்தது. சென்னைக்காரன் தாண்டிப் போனான்.

ஜாகீருக்கு ஒரு கீறல் இல்லை.

கம்பெனி இன்ஜினியர் வந்து குனிந்து சீலைப் பார்த்தார். கம்பியை இழுத்துப் பார்த்தார். "சீல் சரியா இருக்கு. அப்ப இன்ஜின்ல தப்பு இல்ல. அந்த வேகத்துல மூணுக்குப் பதிலா ஒண்ணுல போட்டுட்டீங்க தம்பி. இன்ஜின் தாங்குமா?"

"இல்லீங்க சார். மூணுலதானுங்க போட்டேன்."

"ஒண்ணுல விழுந்தா இன்ஜின் கத்தியிருக்கும். யாராவது கேட்டீங்களா?"

ஜாகீர் என் பக்கம் திரும்பினான். அவ்வளவு நம்பிக்கையாக யாரும் என்னைப் பார்த்ததில்லை. "அண்ணா, நீங்க சொல்லுங்க. உங்க காதுக்குத் தெரியாததா? கத்துச்சுங்களா?"

"கத்துச்சு தம்பி" என்றேன். "ஒண்ணுதான்."

அவன் கையுறையைக் கழற்றி, வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். புதிதாக யாரோ கொடுத்த கையைப் பார்ப்பதுபோல.

கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப இன்ஜினைப் பெட்டியில் போடுமுன் எண்ணெயை வடிக்கும் வேலை எனக்கு. அடிமூடியைத் திருகினேன். கறுப்பு எண்ணெயோடு ரோஸ் நிறத்தில் இழை இழையாகப் பஞ்சு வந்தது. அதுதான் அடியிலிருக்கும் வலையை அடைத்து, எண்ணெய் ஏறாமல் செய்து இன்ஜினை இறுக வைத்திருக்கிறது. வழித்து என் பேண்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

கம்பெனிக்காரர்கள் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்ப்பார்கள், மாட்டிக்கொள்வோம் என்று பயந்தேன். சில சமயம், மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுவும் நடக்கவில்லை. அந்த மாதமே கம்பெனி ரேஸை விட்டு விலகிவிட்டது. கார் விற்க இனி ரேஸ் தேவையில்லையாம்! பெட்டிகள் திறக்கப்படாமலே பழைய இரும்புக்குப் போயின என்று கேள்வி. அடுத்த வருடம் வேறு கம்பெனி, வேறு இன்ஜின், புது விதி. ஜாகீர் இரண்டு குழுக்களிடம் போய்க் கேட்டான். "கியர் மாத்திப் போட்ட பையன்தானே?" என்றார்கள். மூன்றாவது குழுவிடம் அவன் போகவில்லை.

கம்பெனியைத் திட்டினால் என் பாரம் குறையுமா? பல வருடம் திட்டிப் பார்த்தேன். குறையவில்லை. அவர்கள் விலகினார்கள், சரி. "ஒண்ணுதான்" என்று சொன்ன வாய் யாருடையது?

இன்னும் அந்த டிராக் கனவில் வருகிறது. பனிக்குப் பதில் பஞ்சு. கார் உள்ளே போகிறது. சத்தம் மட்டும் சுற்றுகிறது... வெளியே வருவதே இல்லை.

ஜாகீர் இப்போது வேன் ஓட்டுகிறான். வெள்ளகோவில் பக்கமிருந்து எங்கள் பனியன் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றி வரும் வேன். போன வாரம் பைக் கெட்டுப்போனதால் அதில் ஏறினேன். அவன் பக்கத்து சீட்டில் இடம் கொடுத்தான்.

அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் அவன் குனிந்து கியரைப் பார்க்கிறான். பார்த்து, கையை வைத்து, மறுபடி பார்த்து, பிறகுதான் தள்ளுகிறான்.

பின்னாலிருந்து தேனிப் பக்கமிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்ட அக்கா ஒருத்தி கத்தினாள். "ஏ டிரைவர் தம்பி! கியரு எங்கயும் ஓடிப் போயிறாதுய்யா, ரோட்டப் பாரு!"

வேனே சிரித்தது.

"ஒருக்கா ஓடிப் போயிருச்சுங்கக்கா" என்றான் ஜாகீர், அவனும் சிரித்துக்கொண்டே. "இந்தக் கைய நம்பக் கூடாதுங்க."

வாயைத் திறந்தேன். அவன் கவனித்துவிட்டான்.

"என்னுங்ணா, ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. ரோட்டப் பாரு."

"சரிங்ணா" என்றான். மூன்றாவது கியருக்குக் குனிந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.